நீதானே தேர்ந்தெடுத்தாய் என்று கேட்கும் முன்

உயர்கல்விச் சேர்க்கையை நடத்தும் அதிகாரிகளுக்கும், பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கும், கல்லூரி முதல்வர்களுக்கும்,

கடந்த பிப்ரவரியில் ஒரு மதியம் என் பழைய மாணவி ஒருத்தி தன் அம்மாவோடு எங்கள் பள்ளி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மாற்றுச் சான்றிதழும் இரண்டு பருவங்களின் மதிப்பெண் பட்டியலும் இருந்தன. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள், பாதியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்றாம் பருவத் தேர்வில் நான்கு தாள்கள் போய்விட்டன. அதற்கு முன் அவள் எந்தத் தேர்விலும் தோற்றதில்லை.

அவள் சேர்ந்திருந்தது உயிர்மருத்துவப் பொறியியல். பிள்ளைகள் பயோமெடிக்கல் என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் 94 மதிப்பெண் எடுத்தவள். அவளுடைய உயிரியல் செய்முறைப் பதிவேட்டை அடுத்தடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டுவதற்காக எங்கள் உயிரியல் ஆசிரியை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார். இதயத்தின் நான்கு அறைகளைச் சிவப்பும் நீலமுமாக அவ்வளவு நிதானமாகத் தீட்டியிருப்பாள்.

"நோயாளிகளைப் பார்க்கிற படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தேன், டீச்சர். உடம்பைப் பற்றி ஒரே ஒரு தாள்தான் வந்தது. மற்றதெல்லாம் சர்க்யூட்" என்றாள். அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. "டீச்சரம்மா, இவள் படிக்கிற பிள்ளைதானே?" என்று மட்டும் கேட்டார். படிக்கிற பிள்ளைதான் என்று நான் சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை.

விடுவதற்கு முன் அவள் கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். வேறு துறைக்கு மாற முடியுமா என்று கேட்டிருக்கிறாள். முடியாது என்று சொன்னவர், "நீதானே தேர்ந்தெடுத்தாய்?" என்றும் கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லாமல் வந்துவிட்டாள்.

அந்தக் கேள்விக்கு அவள் சார்பில் நான் பதில் சொல்ல விரும்புகிறேன். ஒரு கல்லூரி, ஒரு முதல்வர் என்பதோடு இது முடிகிற விஷயமாக இருந்தால் அவருக்கே எழுதியிருப்பேன். பத்தொன்பது ஆண்டுகளாக அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில், எந்தக் கல்லூரியில் எந்தத் துறை வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் பொறியியல் கலந்தாய்வு விருப்பப் பட்டியலை நிரப்பப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

ஆம்பூர்ப் பக்கம் விடிகாலையில் ஷூ கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அவளுடைய அம்மாவும் அப்படி ஒரு பஸ்ஸில் போய், காலணியின் மேல்பாகம் தைக்கிறவர். விருப்பப் பட்டியல் நிரப்ப மூன்று நாள்தான் அவகாசம். அந்த மூன்று நாளில் விடுப்பு எடுத்தால் வருகைக்கான ஊக்கத்தொகை போய்விடும். அதனால் எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெண்ணே பிரவுசிங் சென்டருக்குப் போனாள். நான் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. மின்விசிறி ஓடாத சிறிய அறையில் பதினைந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல், கடவுச்சொல் எழுதிய துண்டுச் சீட்டு.

சென்டர்காரர் கெட்டவர் இல்லை. ஒரு பிள்ளைக்கு இருநூறு ரூபாய் வாங்கினார், இரவு பதினொன்று வரை கடையைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் அவரிடம் ஏற்கெனவே தயாராக ஒரு பட்டியல் இருந்தது. சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தத் துறை எந்தக் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் நின்றது என்பதை மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தார். பிள்ளை தன் மதிப்பெண்ணைச் சொன்னால், அதற்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்துக் கீழே வரை கடகடவென்று எண்களைத் தட்டுவார். கல்லூரிக்கு ஓர் எண், துறைக்கு இரண்டு ஆங்கில எழுத்து. நான் போவதற்குள் அவளுடைய பட்டியலில் அறுபத்திரண்டு விருப்பங்கள் ஏறிவிட்டன. அவளிடம் அவர் கேட்டது இரண்டே கேள்விகள். கட்-ஆஃப் எவ்வளவு? விடுதியா, பஸ்ஸா?

பயோமெடிக்கலை ஏன் மேலே வைத்தீர்கள் என்று நான் கேட்டேன். "பாப்பா உயிரியல் குரூப்தானே டீச்சர், அதற்கு இதுதான் பொருத்தம்" என்றார். நானும் தலையாட்டினேன். நான் கணிதத்தில் முதுகலை படித்தவள். பயோமெடிக்கலில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. தெரியாது என்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லவில்லை.

கணக்கு ஆசிரியை என்பதால் இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. பொறியியலுக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃப் எப்படி வருகிறது? கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அவள் உயிரியலில் வாங்கிய 94 அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. இடம் கிடைக்க உதவாத அந்த மதிப்பெண்தான் அவளுக்கு எந்தத் துறை என்பதை முடிவு செய்தது.

அவள் வந்துபோன அன்று இரவு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அந்தத் துறையின் பாடத்திட்டத்தைத் தேடி எடுத்தேன். 2021 ஒழுங்குமுறை என்ற பாடத்திட்டம். நூற்றுக்கணக்கான பக்கங்கள், முழுக்க ஆங்கிலம். ஆனால் எந்தப் பருவத்தில் என்ன தாள் என்கிற பட்டியல் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது. படித்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆனது. முதல் பருவத்தில் அணிகளும் நுண்கணிதமும், பொறியியல் இயற்பியல், பொறியியல் வேதியியல், பைத்தான் நிரலாக்கம், ஆங்கிலம், தமிழர் மரபு. இது கட்டடப் பொறியியல் படிப்பவருக்கும் கணினி படிப்பவருக்கும் ஒன்றேதான். அடுத்தடுத்த பருவங்களில் மின்னணுக் கருவிகளும் சுற்றுகளும், சிக்னல்கள், உணரிகளும் அளவீடும், கட்டுப்பாட்டு அமைப்புகள், மருத்துவப் படிமவியல் என்று போகிறது. உடற்கூறியலும் உடலியங்கியலும் ஒரே தாளுக்குள் முடிந்துவிடுகின்றன.

இது நல்ல படிப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மாணவன் ஒருவன் இதையே விரும்பிப் படித்தான். சிறுவயதில் வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியவன். இப்போது மருத்துவமனைகளுக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறான். ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் வெளியே எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று அவன் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அவனுக்குப் பொருந்தியது இவளுக்குப் பொருந்தவில்லை. இவள் கேட்டது நோயாளியின் பக்கத்தில் நிற்கிற வேலை. செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம், கதிரியக்கத் தொழில்நுட்பம் என்று அதற்கான படிப்புகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. அவற்றுக்குச் சேர்க்கை தனியாக நடக்கிறது, விண்ணப்பமும் தனி. வேளாண்மைக்கு ஓர் இணையதளம், கால்நடை மருத்துவத்துக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒன்று. இத்தனை வாசல்கள் இருப்பதை நீட் முடிவைப் பார்த்து அழுதுகொண்டிருந்த பதினேழு வயதுப் பெண்ணிடம் யார் போய்ச் சொன்னார்கள்? பொறியியல் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று மட்டும் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அதைப் பார்த்து விண்ணப்பித்தாள்.

இப்போது சொல்லுங்கள், அவள்தான் தேர்ந்தெடுத்தாளா?

செய்திருப்பவற்றை நான் மறக்கவில்லை. இணையவழிக் கலந்தாய்வு 2018இல் வருவதற்கு முன், பிள்ளைகளோடு ஏலகிரி எக்ஸ்பிரஸில் இருட்டிலேயே கிளம்பி சென்னைக்குப் போயிருக்கிறேன். போக வர செலவு, சாப்பாடு, ஒருநாள் கூலி என்று ஒரு குடும்பத்துக்கு அது பெரிய பாரம். அந்தப் பாரம் குறைந்தது. 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இந்தப் பெண்ணும் அப்படிச் சேர்ந்தவள்தான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வந்துகொண்டிருந்தது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தால் உயர்கல்வி பற்றிய பேச்சே இல்லாதிருந்த வகுப்பறைகளில் அந்தப் பேச்சு வந்திருக்கிறது. இதெல்லாம் சாதாரணம் இல்லை. என் தலைமுறையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

வாசல் வரை கொண்டுவந்து விடுவதற்கு இவ்வளவு செய்திருக்கிறீர்கள். அதனால்தான் வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கட்டணம் அரசின் பணம். போன இரண்டு ஆண்டுகள் அவளுடையவை.

எங்கள் பகுதியிலிருந்தே இன்னொன்று சொல்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் தொழில்தான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் தோல் ஷெட்டிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்கிறார். ஆற்றில் கழிவு கலந்ததும் கிணற்று நீர் கெட்டதும் இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. கிண்டியில் அழகப்பா செட்டியார் பெயரில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில், அந்த நிறுவனத்தோடு சேர்ந்து தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். நடத்துகிறார்கள். இதே கலந்தாய்வில், இதே பட்டியலில் அந்தத் துறையும் வருகிறது.

பத்தொன்பது ஆண்டுகளில் என் மாணவர்களில் ஒருவர்கூட அதை விருப்பப் பட்டியலில் வைத்ததில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இதைப் பற்றிச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இந்தத் தொழில் வேண்டாம் என்றுதானே அப்பா எங்களைப் படிக்க வைக்கிறார்?" என்று கேட்டான். அவன் அப்பா சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போடும் வேலை செய்கிறவர். அவருடைய கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டத்தில் இருப்பது வேதியியலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் உயிர்வேதியியலும் என்று தெரிந்த பிறகு வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால், அதை அவனுடைய முடிவு என்று நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். பெயரில் தோல் என்று இருந்ததற்காகவே அவன் ஒதுக்கினான். இந்தப் பெண் பெயரில் உயிர் என்று இருந்ததற்காகவே சேர்ந்தாள். இரண்டு பேருக்கும் பெயரைத் தவிர வேறெதையும் நாம் காட்டவில்லை.

பெயர்களோ ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. கணினி அறிவியல் என்று ஒன்று இருந்தது. இப்போது அதனோடு செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு, பொருள்களின் இணையம், வணிக அமைப்புகள் என்று வாலாக ஏதாவது ஒன்றைச் சேர்த்துத் தனித்தனித் துறைகளாகக் கொடுக்கிறார்கள். கணினி அறிவியலும் வணிக அமைப்புகளும் என்ற துறையில் சேர்ந்த ஒரு பையன், பி.காம். மாதிரி பாதி கணக்குப்பதிவியல் இருக்கும் என்று நம்பிப் போனான். ஒரு துறையில் இவ்வளவு இடங்களுக்கு மேல் கூடாது என்று இருந்த உச்சவரம்பை அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு நீக்கிவிட்டது. கல்லூரிகள் எந்தத் துறையில் இடங்களைக் கூட்டும் என்று சொல்ல ஜோதிடம் தேவையில்லை. இடம் அதிகமாக இருக்கும் துறைதான் எங்கள் ஊர்ச் சென்டர்காரரின் பட்டியலிலும் அதிகமாக இருக்கும், அங்கிருந்து பிள்ளையின் பட்டியலுக்கும் அதுவே போகும். கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் நடத்திக்கொண்டிருந்த நல்ல ஆசிரியர்கள் வகுப்பில் பிள்ளைகள் இல்லாமல் வேறு துறைக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கப் போவதை என்னோடு படித்தவர்களிடமிருந்தே கேட்கிறேன்.

பெற்றோர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? கல்லூரி வாசலில் இருக்கும் பலகையைப் பார்க்கிறார்கள். கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கும் நாக் (NAAC) என்ற தேசிய அமைப்பின் மதிப்பீட்டில் இன்ன தரம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது கல்லூரி முழுமைக்குமான மதிப்பீடு. துறை துறையாகப் பார்த்து அங்கீகாரம் கொடுப்பது தேசிய அங்கீகார வாரியம். ஒரு கல்லூரியில் ஒரு துறைக்கு அது இருக்கும், பக்கத்துத் துறைக்கு இருக்காது. இந்த வேறுபாட்டை நான் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, பட்டம் படித்த பெற்றோர்கூட முதல்முறையாகக் கேட்பதாகச் சொன்னார்கள். அடுத்தது வேலைவாய்ப்பு விளம்பரம். அதில் சிரிக்கும் நான்கு முகங்களும் ஆண்டுச் சம்பளமும் இருக்கும். அந்தத் துறையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நான்கு ஆண்டில் முடித்தார்கள், எத்தனை பேர் அரியரோடு வெளியே போனார்கள் என்று எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

ஜனவரி பிறந்தால் கல்லூரிகளின் ஆட்கள் பள்ளிக்கு வரத் தொடங்குவார்கள். ஒருவர் இனிப்புப் பெட்டியோடும் நாட்குறிப்போடும் வந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கைப்பேசி எண்களைக் கேட்டார். வழிகாட்டுதல் முகாம் நடத்துகிறோம் என்றார். மறுத்து அனுப்பினேன். ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் மறுக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்கு வரும் அழைப்புகளே அதற்குச் சாட்சி. பாடப்பிரிவு பற்றி எங்கள் பிள்ளைகளிடம் மிகுந்த பொறுமையோடும் நல்ல தமிழிலும் விளக்குகிறவர்கள், அந்த இடத்தை விற்க வேண்டியவர்கள் மட்டும்தான். அந்த வேலையை நீங்கள் செய்யாததால் அவர்கள் செய்கிறார்கள்.

இது பதினோராம் வகுப்பிலேயே ஆரம்பிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் 431 மதிப்பெண் எடுத்த ஒரு பையன் வணிகவியல் பிரிவு வேண்டும் என்றான். அப்பா தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். பேரேட்டில் கூட்டல் சரியா என்று அந்தப் பையன்தான் இரவில் பார்த்துக் கொடுப்பானாம். "இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு மூன்றாம் குரூப்பா?" என்று ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லாரும் கேட்டோம். நானும் கேட்டேன். அவனை முதல் குரூப்பில் உட்கார வைத்தோம். இரண்டு ஆண்டு இயற்பியலோடு மல்லுக்கட்டினான், கல்லூரியில் மூன்று ஆண்டு கணினியோடு மல்லுக்கட்டினான். இப்போது இருபத்திரண்டு வயதில் பட்டயக் கணக்காளர் தேர்வுக்கு அடியிலிருந்து படிக்கிறான். சென்ற மாதம் கடைத்தெருவில் பார்த்தபோது வணக்கம் சொன்னான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மதிப்பெண் அதிகம் வாங்கியவனுக்கு அறிவியல், நடுவில் இருப்பவனுக்கு வணிகவியல், மிச்சமிருப்பவனுக்குத் தொழிற்கல்வி என்று பங்கு போடும் பழக்கம் ஆசிரியர்களான எங்களுடையது. அதை மாற்ற வேண்டியவர்கள் நாங்கள். மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கையில் இருப்பவற்றை உங்களிடம் கேட்கிறேன்.

ஒவ்வொரு துறைக்கும் தமிழில் ஒரு பக்கம் வேண்டும். எட்டுப் பருவங்களிலும் என்னென்ன தாள்கள், எத்தனை மணி நேரம் ஆய்வகம், பன்னிரண்டாம் வகுப்பின் எந்தப் பாடத்தின் மேல் இது நிற்கிறது, படித்து முடித்தவர்கள் காலை ஒன்பது மணிக்கு எங்கே போய் என்ன வேலை செய்கிறார்கள். பயோமெடிக்கல் பக்கத்தின் முதல் வரியிலேயே 'இது மின்னணுவியல் சார்ந்த படிப்பு, நோயாளிக்குச் சிகிச்சை தரும் படிப்பு இல்லை' என்று இருக்கட்டும். பி.டெக். உயிர்த்தொழில்நுட்பத்தில் வேதிப் பொறியியல் தாள்கள் வரும் என்பது அதன் பக்கத்தில் இருக்கட்டும். எழுத வேண்டியவர்கள் பாடத்திட்டம் வகுத்த பேராசிரியர்கள். ஒரு துறைக்கு ஒரு பக்கம்தான் கேட்கிறேன். விருப்பப் பட்டியல் நிரப்பும் திரையில் துறைக் குறியீட்டைத் தொட்டால் அந்தப் பக்கம் திறக்க வேண்டும். வேறெங்கோ ஓர் இணைப்பில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டாம். இரண்டு ஜிபி டேட்டாவை வைத்துக்கொண்டு மூன்று பேர் பகிரும் கைப்பேசியில்தான் எங்கள் பிள்ளைகள் இதைப் பார்ப்பார்கள்.

அதே பக்கத்தின் அடியில் அந்தந்தக் கல்லூரியின் அந்தத் துறைக்கான எண்கள் இருக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நான்கு ஆண்டில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், துறை அங்கீகாரம் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை. கல்லூரி வாரியான தேர்ச்சி விழுக்காட்டைப் பல்கலைக்கழகம் வெளியிடுவது நல்லது. பிள்ளை சேரப்போவதோ ஒரு துறையில். கல்லூரி முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் சராசரி அவளுக்குப் போதாது. சராசரி எதையெல்லாம் மறைக்கும் என்பதை நான் பத்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறேன்.

தரவரிசைப் பட்டியல் வந்த நாளிலிருந்து விருப்பப் பட்டியலைத் திறந்துவிடுங்கள். நிரப்பவும் மாற்றவும் அழிக்கவும் மறுபடி எழுதவும் முடியட்டும். உறுதி செய்ய மட்டும் இப்போதிருக்கும் மூன்று நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த அவகாசத்துக்குள் வர வேண்டும். கம்பெனிக்குப் போகும் அம்மாக்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் இருக்கிறது.

பொறியியல், மருத்துவம் சார்ந்த படிப்புகள், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம், கலை அறிவியல் ஆகிய எல்லாச் சேர்க்கைகளின் விண்ணப்ப நாள்களையும் ஒரே தாளில் அச்சிட்டு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.

முதலாண்டு முடிவில் துறை மாறுவதற்கு வெளிப்படையான ஒரு வழி வையுங்கள். முதல் பருவம் எல்லாருக்கும் பொது என்று வைத்தவர்கள் நீங்கள்தான். அப்படியிருக்க, முதலாண்டிலேயே தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று உணரும் பிள்ளைக்கு ஏன் நான்கு ஆண்டு தண்டனை? காலியாக இருக்கும் இடங்களுக்கு, மதிப்பெண் அடிப்படையில், அதே கல்லூரியிலோ வேறு கல்லூரியிலோ மாற அனுமதியுங்கள். 7.5 விழுக்காட்டில் சேர்ந்த பிள்ளை மாறினால் அவளுக்கான கட்டணச் சலுகையும் கூடவே போக வேண்டும். அந்தச் சலுகை துறைக்கு இல்லை, பிள்ளைக்கு.

சேர்க்கை முடியும் வரை கல்லூரிகளின் ஆட்கள் பள்ளி வளாகத்துக்குள் வரக் கூடாது, மாணவர் விவரங்களைப் பெறக் கூடாது என்று ஆணை போடுங்கள். மீறும் கல்லூரி மீது நடவடிக்கை எடுங்கள். அவர்களுக்குப் பதிலாக, ஒவ்வொரு துறையிலும் மூன்றாம் ஆண்டு படிக்கும் அரசுப் பள்ளிப் பழைய மாணவர்களை ஆண்டுக்கு இரண்டு நாள் தங்கள் பள்ளிக்கே அனுப்பச் சொல்லிக் கல்லூரிகளுக்கு எழுதுங்கள். பஸ் கட்டணத்தை நாங்கள் ஆசிரியர்களே பார்த்துக்கொள்வோம்.

என் மாணவி இந்த ஆண்டு செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். இந்த முறை பாடத்திட்டத்தை இருவரும் சேர்ந்து வரிவரியாகப் படித்தோம், தெரியாத இடங்களை ஓர் அரசு மருத்துவமனைச் செவிலியரிடம் போய்க் கேட்டோம். அவளைப் போலவே இந்த ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து நூற்றுப் பதினான்கு பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறார்கள். மேலே கேட்டவற்றில் எவற்றை இந்த ஜூலைக்குள் செய்வீர்கள், எவற்றை அடுத்த ஆண்டு, எவற்றைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று தேர்வு முடிவுகள் வருவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் எதுவானாலும் பள்ளி அறிவிப்புப் பலகையில் பிள்ளைகள் படிக்கும்படி ஒட்டுவேன்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர்
திருப்பத்தூர் மாவட்டம்